மூன்று மணிக் குழுவின் நாகேஸ் மிஸ்

நாகேஸ் மிஸ் காலமான செய்தி, அவரை யாரும் சேர்த்துக்கொள்ளாத ஒரு குழுவில்தான் எனக்கு வந்தது. நம்முடைய பழைய அலுவலகத்துக்காரர்கள் நடத்தும் வாட்ஸ்அப் குழு அது. பிறந்தநாள் வாழ்த்து, பேரப்பிள்ளைகளின் படம், மழைக்கு எந்த வீதி மூடியிருக்கிறது என்ற தகவல், இவ்வளவுதான் அதில் வரும். அன்று காலை பிலிமத்தலாவையில் ஒரு பித்தளைக் கடைக்குள் நின்று மகளின் கல்யாணத்துக்குக் குத்துவிளக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் மிஸ்ஸுக்கு உதவியாக இருந்த பாரூக் இரண்டு வரி போட்டிருந்தார். நேற்றுப் பின்னேரம் காலமாகிவிட்டார், நாளை பத்து மணிக்குத் தகனம் என்று.

கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன. நடுவே ஒருவர், “பொலிஸ்ல கூட்டிட்டுப் போனாங்களே, அந்த மிஸ்தானே?” என்று கேட்டிருந்தார். இன்னொருவர், “ஆமா, மூணு மணி விஷயத்த நிப்பாட்டினவங்க” என்று எழுதியிருந்தார். எழுதியவர்கள் இருவர் மீதும் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்குத் தெரிந்ததை எழுதினார்கள். தெரிந்தும் பதினேழு வருஷம் வாயைத் திறக்காதவன் நான். பதில் எழுதத் தொடங்கினேன், இரண்டு வரிக்கு மேல் விரல் ஓடவில்லை. அந்தக் குழுவில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன். அந்த அலுவலகத்தில் என்னோடு இருந்த உங்களில் பலர் இதை வாசிப்பீர்கள்.

அவரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கண்டி வாவிக்குச் சற்று மேலே ஒரு பழைய கட்டடத்தின் இரண்டு மாடிகளில் எங்கள் கம்பனியின் அலுவலகம் இருந்தது. மலைத் தோட்டங்களின் தேயிலையை லொறிகளில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்புவது எங்கள் வேலை. எங்கள் கணினிகளையெல்லாம் இணைக்கும் சேவர் மேல்மாடியின் கடைசி அறையில் இருந்தது. அதன் பொறுப்பு நாகேஸ்வரி என்ற நாகேஸ் மிஸ்ஸிடம். அந்த இயந்திரத்துக்குள் டிரெக்டரி என்று ஒரு பதிவேடு உண்டு. அலுவலகத்தில் யார் யார் இருக்கிறார்கள், அவர்கள் எந்தெந்தக் குழுவில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள், எந்தக் குழு எந்தக் கோப்பைத் திறக்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். காலையில் நாம் பெயரும் கடவுச்சொல்லும் அடித்து உள்ளே போகும்போது, நாம் யார் என்பதை அந்தப் பதிவேடுதான் தீர்மானிக்கும். அதை அவர் பன்னிரண்டு வருஷம் பார்த்துக்கொண்டார். யாழ்ப்பாணத்துக்காரர், தனி ஆள். எனக்கும் அவருக்கும் ஒரே வயது.

எதையாவது திறக்க முடியவில்லை என்று அவரிடம் போனால் முதலில் ஒரே கேள்விதான் வரும். “வெளியில போட்டு வந்தனீங்களோ?” கணினியிலிருந்து வெளியேறி மறுபடி பெயர் கொடுத்து நுழைந்தீர்களா என்று அர்த்தம். இல்லை என்றால் போய்ச் செய்துவிட்டு வரச் சொல்வார். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும். காலையில் உள்ளே வரும்போது இருந்த குழுக்களைத்தான் கணினி நாள் முழுக்க நம்பிக்கொண்டிருக்கும், இடையில் சேர்த்தாலும் எடுத்தாலும் அதற்குத் தெரியாது என்று அவர் பொறுமையாக விளக்குவார். நாங்கள் அவரைக் கேலி செய்வதுண்டு. கன்ரீனில் யாராவது மனைவியோடு சண்டை என்று முறையிட்டால், வெளியே போய்விட்டு உள்ளே வந்து பாருங்கள் என்று யாழ்ப்பாணப் பேச்சில் இழுத்துச் சொல்லிச் சிரிப்போம். அவர் காதிலும் அது விழுந்திருக்கும். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

போர்நிறுத்தம் குலைந்து யுத்தம் மறுபடி பிடித்துக்கொண்ட வருஷங்கள் அவை. எங்காவது ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்தால் அன்று பின்னேரமே கண்டியைச் சுற்றி எல்லா வீதியிலும் சோதனை. தமிழ்ப் பெயர் உள்ள அடையாள அட்டையைக் கொண்டு இருட்டில் பஸ்ஸிலிருந்து இறங்கி நிற்பது எப்படி என்பது நின்றவர்களுக்குத் தெரியும். எங்கள் மனேஜர் சிங்களவர், மென்மையான மனிதர். அப்படிப்பட்ட நாட்களில் தமிழ் ஊழியர்கள் மூன்று மணிக்கே போகலாம் என்று வாயால் சொல்லியிருந்தார். ஆனால் ஒவ்வொரு முறையும் பிரிவுத் தலைவரின் மேசைக்குப் போய், நான் தமிழன், பயமாயிருக்கிறது, போகட்டுமா என்று கேட்க எங்களுக்குக் கூச்சம். சிலர் கேட்காமலே ஆறு மணி வரை இருந்து அவஸ்தைப்பட்டார்கள்.

நாகேஸ் மிஸ் யாரிடமும் ஆலோசனை கேட்கவில்லை. பதிவேட்டில் ‘மூன்று மணி’ என்று ஒரு குழுவைத் தொடங்கி எங்கள் பதினான்கு பேரையும் அதில் சேர்த்தார். பதற்றமான நாட்களில் இரண்டே முக்காலுக்கு எங்கள் திரைகளில் மட்டும் ஒரு சிறு செய்தி வரும். மூன்றுக்குக் கணினி தானாக அணைந்துவிடும். அணைந்த கணினிக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தால், எழுந்து போ என்று பிரிவுத் தலைவரே சொல்ல வேண்டியதாகிவிடும். யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று உங்களில் அந்தக் குழுவில் இருந்த பன்னிரண்டு பேருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பதின்மூன்றாவது பெயர் என்னுடையது, பதினான்காவது பெயர் அவருடையது. அவருக்கு அந்த மூன்று மணி தேவையே இல்லை. அவர் வாடகைக்குத் தங்கியிருந்த போர்டிங் அறை அலுவலகத்திலிருந்து பத்து நிமிட நடை. அதோடு ஐந்து மணிக்கு முன்னால் கதவைத் திறக்க வீட்டுக்காரம்மாவுக்கு இஷ்டமில்லை. மூன்று மணிக்கு வெளியே வந்தால் இரண்டு மணித்தியாலம் அவருக்குப் போக்கிடம் கிடையாது. எங்களோடு பஸ் நிலையம் வரை நடந்து வருவார். நான் என் ஊரான ஹுன்னஸ்கிரியாவுக்குப் போகும் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்காரும்வரை கீழே குடையோடு நிற்பார். பஸ் நகர்ந்ததும் தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு வாவிப் பக்கம் திரும்பி நடப்பார். ஏன் உங்களையும் சேர்த்துக்கொண்டீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “உங்களை மட்டும் அனுப்பிப்போட்டு நான் இருந்தால் அது சரியில்லைத்தானே” என்றார்.

அவர் எங்களோடு ஒட்டவில்லை என்று சொல்வோம். உண்மையில் நாங்கள்தான் அவரை ஒட்டவிடவில்லை. நாங்கள் மலையகத்தார், எங்களில் பலர் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து படித்து மேலே வந்தவர்கள். யாழ்ப்பாணத்தார் நம்மைத் தோட்டக்காட்டான் என்றுதான் பார்ப்பார்கள் என்ற முடிவை அவர் வாயைத் திறக்கும் முன்பே எடுத்துவிட்டோம். அவர் அப்படி எங்களைப் பார்த்ததற்கு என்னிடம் ஓர் அத்தாட்சியும் இல்லை. மத்தியானம் அவர் சேவர் அறை வாசலில் ஒரு கதிரையைப் போட்டுத் தனியே சாப்பிடுவார். அந்த யுத்த வருஷங்களில் நான்கு போர்டிங் மாறினார். ஒவ்வொரு முறையும் வீட்டுக்காரரின் கடிதத்தோடு போய்ப் பொலிஸில் பதிய வேண்டும். “கண்டியில எனக்கு வடிவாத் தெரிஞ்ச இடம் ரெண்டு. ஒண்டு பொலிஸ், மற்றது இந்த அறை” என்று ஒருநாள் சிரித்தபடி சொன்னார். வடக்கே போகும் பாதை பூட்டிக் கிடந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் அவருடைய தாயார் இறந்தார். அன்றும் வேலைக்கு வந்திருந்தார் என்பது எங்களுக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அந்த நாட்களில்தான் எனக்குப் போக்குவரத்துப் பிரிவுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. எந்த லொறி எந்தத் தோட்டத்துக்கு எப்போது போகிறது என்ற வண்டி அட்டவணை கணினியில் ஒரு போல்டருக்குள் கோப்பாக இருந்தது. அதைத் திறக்காமல் அந்த வேலையில் ஒன்றும் செய்ய முடியாது. நாகேஸ் மிஸ் என்னைப் போக்குவரத்துக் குழுவில் சேர்த்தார். திறந்தேன், அனுமதி இல்லை என்று வந்தது. வெளியே போய் உள்ளே வந்தேன். அனுமதி இல்லை. என் புதிய பிரிவுத் தலைவர் ஏற்கெனவே என்னை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாரத்துக்குள் சரிவராவிட்டால் பழைய மேசைக்கே அனுப்பிவிடுவார் என்று மிஸ்ஸிடம் போய் நின்றேன்.

மிஸ் அவசரப்படவில்லை. கொழும்புத் தலைமை அலுவலகத்திலும் ஒரு சேவர் இருந்தது, இரண்டும் ஒன்றுக்கொன்று செய்தி பரிமாறிக்கொள்ளும். இங்கே சேர்த்த பெயர் அங்கே போய்ச் சேரவில்லையோ என்று முதல் நாள் பார்த்தார். சேர்ந்திருந்தது. இன்னொருவரை அதே குழுவில் சேர்த்துப் பார்த்தார். அவருக்குப் போல்டர் திறந்தது. அப்படியென்றால் குழுவில் பிழை இல்லை, பிழை என் பெயரில்தான். இரண்டாம் நாள் காலை, பழைய கணினித் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் அடியில் என் பெயரை எழுதி, அதிலிருந்து மேல்நோக்கிப் பென்சிலால் கோடு இழுக்கத் தொடங்கினார். நான் எந்தெந்தக் குழுவில் இருக்கிறேன், அந்தக் குழுக்கள் வேறு எந்தக் குழுவுக்குள் வைக்கப்பட்டிருக்கின்றன, அதற்கும் மேலே என்ன என்று ஒவ்வொன்றாக. குழுவுக்குள் குழுவை வைக்கலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். “ஒரு இடத்தில ஏலாது எண்டு போட்டிருந்தால், பத்து இடத்தில ஓம் எண்டு போட்டாலும் திறக்காது, செல்வராஜ்” என்றார்.

என் பெயரிலிருந்து போன ஒரு கோடு போக்குவரத்துக் குழுவில் முடிந்தது. இன்னொரு கோடு ‘மூன்று மணி’க்குப் போனது. அது அங்கே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. மூன்று மணிக் குழு முழுவதையும் யாரோ தூக்கி வேறொரு குழுவுக்குள் வைத்திருந்தார்கள். அதற்கு ‘கண்காணிப்பு’ என்று பெயர். வண்டி அட்டவணை அந்தக் குழுவுக்கு மறுக்கப்பட்டிருந்தது. அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

எங்களுக்குப் புரிய அதிக நேரம் பிடிக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் கொழும்பிலிருந்து ஒரு பாதுகாப்புப் பொறுப்பாளர் புதிதாக வந்திருந்தார். எங்களில் ஒருவரையும் அவருக்கு முகம் தெரியாது. லொறிகள் போகும் பாதை தமிழ் ஊழியர்களுக்குத் தெரியக்கூடாது என்று அவருக்கு எண்ணம். யார் யார் தமிழர் என்று அலைந்து விசாரிக்க வேண்டிய சிரமம் அவருக்கு இருக்கவில்லை. பதிவேட்டில் பட்டியல் தயாராகக் கிடந்தது. கொழும்பு ஆட்களிடம் சொல்லி அதை எடுத்துக்கொண்டார்.

மிஸ் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பாராமல் சொன்னார்: “நல்லதுக்கெண்டுதான் உங்கட பேருகளை ஒரு இடத்தில சேத்தனான். அந்த இடத்தை வேற ஆரும் எடுக்கலாம் எண்டு நான் யோசிக்கேல்ல. பட்டியல் போட்டுக் குடுத்தது நான்தான்.”

அந்த நேரத்தில் ஒரு மனிதன் சொல்லக்கூடிய ஆறுதல் வார்த்தை எத்தனையோ இருக்கும். நான் சொன்னது இது: “நாங்க அந்தப் பக்கத்து ஆளுங்க இல்லையே, மிஸ். எங்களுக்கும் அந்தச் சண்டைக்கும் என்னங்க சம்பந்தம்? என் பேர மட்டும் அதிலருந்து எடுத்துருங்க.”

அந்த வாக்கியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எண்பத்து மூன்று கலவரத்தில் எங்கள் லயத்துக்கு ஆட்கள் தடியோடு வந்தபோது என் அப்பா கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னது அதுதான். நாங்கள் அந்தப் பக்கத்து ஆட்கள் இல்லை, தோட்டத்து ஆட்கள் என்று. கேட்டவர்கள் வித்தியாசம் பார்க்கவில்லை, லயத்தைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். நாங்கள் இரண்டு நாள் தேயிலைச் செடிகளுக்குள் கிடந்தோம். ஒருமுறை கூடப் பலிக்காத அந்த வார்த்தையை நான் இருபத்து சொச்சம் வருஷம் பத்திரமாக வைத்திருந்து, அதை என்னிடம் தடி தூக்காத ஒரே ஆளிடம் போய்ச் சொன்னேன்.

அவருக்கு அது சுட்டிருக்கும். முகத்தில் காட்டவில்லை. “ஓம்” என்றார். திரைப்பக்கம் திரும்பி மூன்று மணிக் குழுவைத் திறந்து என் பெயரை எடுத்தார். கொழும்புச் சேவருக்கும் இது போய்ச்சேர வேண்டும், கொஞ்சம் பொறுத்து வெளியே போய் உள்ளே வாருங்கள் என்றார். மத்தியானத்துக்குப் பிறகு போல்டர் திறந்தது. நான் சந்தோஷத்தில் அவருக்கு நன்றி சொல்லக்கூட மேல்மாடிக்கு ஏறவில்லை. மற்ற பதின்மூன்று பேரைப் பற்றி என் மூளையில் ஒரு நினைப்பும் ஓடவில்லை.

அடுத்த வாரம் கொழும்பில் மறுபடி குண்டு. அன்று இரண்டே முக்காலுக்கு யாருடைய திரையிலும் செய்தி வரவில்லை. மூன்று மணிக்கு எந்தக் கணினியும் அணையவில்லை. நீங்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். இருவர் மேலே போய்க் கேட்டீர்கள். “அது பழுதாப்போச்சு. இனி வராது. நீங்கள் மனேஜரிட்டக் கேட்டுப் போங்கோ” என்று மட்டும் சொன்னார். உங்களுக்கு ஆத்திரம் வந்தது. தனக்குப் பக்கத்தில் போர்டிங் இருக்கிற திமிர் என்றீர்கள். யாழ்ப்பாணப் புத்தி கடைசியில் காட்டிவிட்டது என்று கன்ரீனில் ஒருவர் சத்தமாகச் சொன்னபோது நான் பக்கத்து மேசையில் இருந்தேன். எனக்குக் காரணம் தெரியும். என் பெயரை எடுத்த அதே கையால் உங்கள் பெயர்களையும் எடுத்துவிட்டார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. வாயைத் திறந்தால், ஏன் உனக்கு மட்டும் முதலில் எடுத்தார் என்ற கேள்வி வரும். ஆகவே சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அதற்குப் பிறகு உங்களில் பலர் அவருக்குக் காலை வணக்கம்கூடச் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை பொலிஸார் வந்தார்கள். முந்தின நாள் நகரத்துக்கு வெளியே எங்கோ வெடிபொருள் பிடிபட்டதாம், கம்பனி லொறிகளில் சந்தேகமாம். தமிழ் ஊழியர்களின் பட்டியல் வேண்டும் என்றார்கள். பாதுகாப்புப் பொறுப்பாளர் பெருமையோடு, தன்னிடம் தயாராக இருக்கிறது என்று சொல்லி அச்சிடக் கொடுத்தார். பொதுவான பிரின்டர் என் கவுன்டருக்குப் பக்கத்தில் இருந்தது. தாள் என் கைக்குத்தான் வந்தது. மேலே ‘கண்காணிப்பு’ என்ற தலைப்பு, கீழே ஒரே ஒரு பெயர், மிஸ்ஸுடையது, மிச்சம் முழுக்க வெள்ளை. முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அதை மறைப்பதில் இப்போது பிரயோசனமில்லை. தாளைக் கொண்டுபோய் என் கையாலேயே பொறுப்பாளரிடம் கொடுத்தேன்.

அவர் தாளைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தார். ஒருவர்தானா என்று மனேஜரிடம் கேட்டார். மனேஜர் அந்தப் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த மனிதருக்கு எங்கள் பதினான்கு பேரையும் தெரியும், எங்கள் பிள்ளைகளின் பெயர்கூடத் தெரியும். கணினியில் இருப்பதுதான் பட்டியல் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போனார். பொலிஸாருக்கு இன்னும் நான்கு இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஒருவர் கிடைத்ததே போதும் என்று மேலே ஏறினார்கள்.

மிஸ் கைப்பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். சேவர் அறைச் சாவியைப் பாரூக்கிடம் கொடுத்து, சேவரில் இருப்பதைப் பிரதி எடுக்கும் நாடாவை நாளைக்கு மாற்ற வேண்டும், மறக்க வேண்டாம் என்றார். பின்னால் இரண்டு பொலிஸார். அலுவலகம் முழுக்க எழுந்து நின்றது, ஒருவரும் அசையவில்லை. என் கவுன்டரைக் கடக்கும்போது நின்றார்.

“செல்வராஜ், உங்கட போல்டர் இப்பவும் திறக்குதுதானே?”

“திறக்குது, மிஸ்.”

“அப்ப சரி” என்றுவிட்டுப் போனார்.

தன்னைக் கொண்டுபோகும் நேரத்தில் இதைப் போய்க் கேட்கிறாரே, வேலைப் பைத்தியம் என்று அன்று நினைத்தேன். போல்டர் திறக்கிறது என்றால் என் பெயர் இரண்டு சேவரிலும் அந்தக் குழுவில் இல்லை. அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது அதுதான். இது எனக்கு இரண்டு வருஷம் கழித்து, ஒருநாள் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோதுதான் விளங்கியது.

பதினொரு நாள் வைத்திருந்தார்கள். மனேஜர் மூன்று தடவை போய்க் கடிதம் கொடுத்து ஒருவழியாக மீட்டுக்கொண்டு வந்தார். அதற்குள் போர்டிங் வீட்டம்மா அவருடைய பெட்டியையும் இரண்டு பைகளையும் வாசலில் வைத்துவிட்டார். பாரூக்தான் ஒரு முச்சக்கர வண்டி பிடித்து அவற்றைக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு புதிய அறைக்குக் கொண்டுபோனார். பன்னிரண்டாம் நாள் காலை அவர் வழக்கம்போல் மாடி ஏறினார். கொஞ்சம் மெலிந்திருந்தார், இடது மணிக்கட்டைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தார். நான்கூட மேலே போய், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. பொலிஸ் கொண்டுபோன ஆளோடு நின்று பேசுவதை யாராவது பார்த்துவிட்டால் என்ற பயம் எல்லோருக்கும். யாரோ ஒருவர் தன் கணினியில் ஏதோ திறக்கவில்லை என்று தொலைபேசியில் கூப்பிட்டார். வெளியே போய் வந்தீர்களா என்று அவர் கேட்டது எங்கள் மாடி வரை கேட்டது. இந்த முறை யாரும் அதைச் சொல்லிச் சிரிக்கவில்லை.

யுத்தம் முடிந்தது. பாதுகாப்புப் பொறுப்பாளர் மாற்றலாகிப் போனார். நான் படிப்படியாக ஏறிப் போக்குவரத்துப் பிரிவுக்கே தலைவனானேன். மிஸ் ஓய்வு பெறும்வரை அதே அறையில் அதே கதிரையில் சாப்பிட்டார். எங்களுக்குள் ‘குட் மோர்னிங்’ உண்டு, மழை பற்றிய பேச்சு உண்டு, அதற்கு மேல் இல்லை. அவருடைய பிரிவுபசார விழாவில் பேச என் பெயரையும் போட்டிருந்தார்கள். அன்று எனக்கு மடுல்கெல்லையில் அவசர வேலை இருக்கிறது என்று சொன்னேன். அப்படி ஒரு வேலை இருக்கவில்லை. அவரிடம் கேட்க வேண்டியது ஒன்று என் நெஞ்சில் கிடந்தது. எங்கள் எல்லோர் பெயரையும் எடுத்தவர் தன் பெயரை ஏன் எடுக்கவில்லை? மறந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு பெயரைக்கூடத் தவறவிடாத மனுஷி தன் பெயரை மறந்தார் என்று நம்புவதற்கு எனக்கு வசதியாக இருந்தது.

தகனத்துக்கு ஒன்பது பேர் வந்திருந்தோம். கனடாவிலிருந்து மிஸ்ஸின் தம்பியால் வர முடியவில்லை, அவர் தொலைபேசித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்து வெளியே நின்றபோது பாரூக்கிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். நாடா மாற்றுவது அவர் வேலை என்பதால், அந்த அறைக்குள் போய்வந்த ஒரே ஆள் அவர்தான்.

பாரூக் என்னை வியப்போடு பார்த்தார். “ஒங்களுக்குத் தெரியாதா? அவங்க மறந்த இல்ல. வேணுமிண்டுதான் வெச்ச.” அவரே தொடர்ந்தார். அன்று மிஸ் பெயர்களை எடுக்கும்போது பாரூக் பக்கத்தில்தான் இருந்தாராம். உங்கள் பெயரையும் எடுங்கள், இல்லாவிட்டால் குழுவையே அழித்துவிடுங்கள் என்று சொன்னாராம். அதற்கு மிஸ் சொன்ன பதிலை, பாரூக் பதினேழு வருஷத்துக்குப் பிறகும் அவருடைய பேச்சிலேயே சொன்னார்: “அழிச்சால் புதுசா ஒண்டு போடச் சொல்லுவினம். வெறுமையாக் கிடந்தாலும் கேப்பினம். ஒராள் இருந்தால்தான் பட்டியல் எண்டு நம்பி எடுத்துக்கொண்டு போவினம்.”

வேறு யாரையாவது வைத்திருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. அந்த இடத்தில் எங்களில் யாரை வைத்திருக்கலாம் என்பது பாரூக்குக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவருடைய புகைப்படம் என்னிடம் இல்லை. அவர் எழுதிய கடிதம் இல்லை. என் பெயரிலிருந்து கோடு இழுத்த அந்தத் தாள் அன்றே குப்பைக்குப் போயிருக்கும். அவர் கைப்பட்ட பொருள் ஒன்றைக் காட்டுங்கள் என்றால் என்னால் காட்ட முடியாது. ஆனால் வெறுங்கையோடும் நான் இல்லை. அந்தப் பதினொரு நாளும் நான் ஹுன்னஸ்கிரியாவில் என் வீட்டில் தூங்கி எழுந்தேன், காலையில் பஸ் ஏறினேன், வண்டி அட்டவணையைத் திறந்தேன். அப்போது என் மகளுக்கு ஐந்து வயது. அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். அவர் உள்ளே இருந்த பதினொரு நாளில் ஒரு நாளாவது நான் உள்ளே இருந்திருக்க வேண்டிய நாள், என்னுடையது. அது என்னுடையது என்று அவர் உயிரோடு இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, அதனால் அந்த நாள் இன்னும் கடனாக என்னிடமே இருக்கிறது.